அம்பாசிடரும் ஈரத்துணியும்

தொப்பூர் கணவாயில், மே மாத மத்தியான வெயிலில், ஒரு பழைய அம்பாசிடர் பானட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். டிரைவர் பாட்டில் தண்ணீரைக் குடிக்க மாட்டார். ஒரு பழைய துணியில் ஊற்றுவார். அந்த ஈரத்துணியை என்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன உருண்டை டப்பாவின் மேல் சுற்றுவார். ஒரு டீ குடிக்கும் நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆகும்.

அந்த டப்பாதான் பெட்ரோல் பம்பு. அந்தத் துணி வைத்தியத்துக்கு எந்தப் புத்தகமும் கிடையாது. அப்பா டிரைவரிடமிருந்து பிள்ளை டிரைவருக்கு வந்த பாடம் அது.

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு அம்பாசிடர் மார்க் 4 இருக்கிறது. 1980களில் வாங்கிய பெட்ரோல் வண்டி. விற்கவும் மாட்டார், ஷெட்டில் மூடி வைக்கவும் மாட்டார். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான். போன கோடையில் சேலத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டுத் திரும்பும்போது கணவாய் ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஈரத்துணி போட்டோம். ஸ்டார்ட் ஆனது. அரை கிலோமீட்டர் போய் மறுபடியும் நின்றது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போக, பெரியம்மாவும் பாட்டியும் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. தொப்பூர் எப்படிப்பட்ட இடம் என்று தர்மபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் பம்பை மாற்றினோம். புத்தம் புது பம்பு. இரண்டு வாரம் கழித்து, ஏற்றத்தில்கூட இல்லை, காரிமங்கலம் பக்கத்தில் சமதரையில் அதே மாதிரி நின்றது.

இந்த முறை வேறொரு பட்டறைக்கு இழுத்துப் போனோம். அங்கிருந்த அண்ணன் பம்பைத் தொடவே இல்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, டேங்கிலிருந்து வரும் பைப்பையும் முன்னால் போகும் இரும்பு பைப்பையும் சேர்க்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸை இரண்டு விரலால் வளைத்துக் காட்டினார். வளைத்த இடத்தில் வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

"பம்பு என்ன தம்பி பண்ணும், பாவம்! உறிஞ்சறதுதான் அதோட வேலை. ஓட்டை ஸ்ட்ராவைக் கையில கொடுத்துட்டு இளநி வரலைன்னா எப்படி?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு சாண் ஹோஸைப் பற்றித்தான். நான் சொல்ல வருவது இரண்டு விஷயம். ஒன்று, பழைய காரில் பெட்ரோல் பம்பை மாற்றுகிறவர்கள் பைப்பையும் ஹோஸையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பம்பை மட்டும் மாற்றுவது பாதி வேலை, சில சமயம் வேலையே இல்லை. இரண்டு, அப்படி மாற்றச் சொல்ல வேண்டிய பொறுப்பு, நம் பங்குகளில் விற்கும் பெட்ரோலையே மாற்றியவர்களுக்கு உண்டு. அதை அவர்கள் சரியாகச் செய்யவில்லை என்பது என் கருத்து.

பம்பு எப்படி வேலை செய்கிறது?

(மெக்கானிக்கல் நண்பர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் செமஸ்டரில் இதை எத்தனை பேர் சரியாக எழுதினோம் என்பது நமக்குத் தெரியும் :-) )

அம்பாசிடரின் பூர்வீகம் இங்கிலாந்து. 1956-ல் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 தான் அதன் தாய். அந்த காரை 1950களின் கடைசியிலிருந்து மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. இடையில் மாடல்கள் மாறினாலும், மார்க் 4 வரைக்கும் நம் ஊரில் ஓடிய பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் இருந்தது 1489 சிசி பிஎம்சி என்ஜின்தான்.

இந்த என்ஜினில் பம்புக்குக் கரண்டு கிடையாது. என்ஜினுக்குள் சுற்றும் கேம் ஷாஃப்டில் ஒரு மேடு இருக்கும். அது சுற்றும்போது பம்பின் நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் டயாபிரத்தைக் கீழே இழுக்கும். மேலே உருவாகும் வெற்றிடம், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். பிறகு ஒரு ஸ்பிரிங் டயாபிரத்தை மேலே தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டர் நிறைந்துவிட்டால் அதன் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். டயாபிரம் கீழேயே நிற்கும், நெம்புகோல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல், தேவைக்கு ஏற்ப மட்டும் அனுப்பும் ஏற்பாடு. எனக்கு இது ஒரு சின்ன அதிசயமாகவே தோன்றுகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். டேங்க் இருப்பது டிக்கிப் பக்கம். பம்பு இருப்பது முன்னால் என்ஜினில். ஆக, டேங்கிலிருந்து பம்பு வரை உள்ள மொத்தப் பைப்பும் உறிஞ்சும் பக்கம். பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள சின்னத் துண்டு மட்டும்தான் தள்ளும் பக்கம்.

தள்ளும் பக்கத்தில் வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் கசியும். வாசனை வரும், ஈரம் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் விழும் மெல்லிய வெடிப்பு அப்படியில்லை. பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். ஒரு சொட்டும் கீழே விழாது. வண்டி நிற்கும்போது பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஓடும்போது மட்டும் பம்பு காற்றையும் பெட்ரோலையும் கலந்து இழுக்கும். வண்டி திணறும், நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர் "பம்பு போச்சு" என்றுதான் சொல்வார்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. திருடன் ஒருவன், அடி வாங்கியவன் இன்னொருவன்.

ஈரத்துணி எதைக் குணப்படுத்துகிறது?

துணி வைத்தியம் பொய் என்று சொல்ல மாட்டேன். பம்பு நேராக என்ஜின் பிளாக்கிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் என்ஜினின் சூடு முழுவதும் அதற்கு ஏறுகிறது. அதற்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியானால் பம்பால் ஆவியை ஒழுங்காகத் தள்ள முடியாது. இதைத்தான் நாம் ஏர் லாக் என்கிறோம். சரியாகச் சொன்னால் அது காற்று அல்ல, பெட்ரோலின் ஆவி. ஈரத்துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான்.

ஆனால் துணி குணப்படுத்துவது சூட்டை மட்டுமே. வெடித்த ஹோஸை அது ஒட்ட வைக்காது. முன்பெல்லாம் நின்றால் துணி போட்டதும் கிளம்பிய வண்டி இப்போது கிளம்புவதில்லை என்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

பெட்ரோல் மாறிவிட்டது

பெரியப்பா கேட்ட கேள்வி நியாயமானது. "இத்தனை வருஷம் ஓடின வண்டிடா. இப்ப மட்டும் ஏன் ஹோஸு வெடிக்குது?"

ரப்பருக்கு வயதாகிவிட்டது என்பது ஒரு பதில். ஆனால் அது மட்டும் பதிலல்ல. வண்டி மாறவில்லை, அது குடிக்கும் பெட்ரோல் மாறிவிட்டது.

பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் இந்தியாவில் 2003-ல் தொடங்கியது. பல வருடம் அது மெதுவாகத்தான் நகர்ந்தது. 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 20 சதவீதம் என்ற இலக்கு முதலில் 2030-க்கு என்று வைக்கப்பட்டு, பிறகு 2025-க்கு இழுக்கப்பட்டது. 2025-ல் அதையும் எட்டிவிட்டார்கள். ஆக இன்று பங்கில் "பெட்ரோல்" என்று கேட்டால் கிடைப்பது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்.

எத்தனால் கெட்ட பொருள் அல்ல. ஆனால் அதன் குணம் வேறு.

முதலாவது, பழைய ஹோஸ்களின் ரப்பரும் பழைய டயாபிரங்களின் ரப்பர் பூச்சும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பும். அதற்கு நெகிழ்வைக் கொடுக்கும் பொருட்களும் கரைந்து வெளியேறும். வண்டி பல நாள் நின்று ஹோஸ் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தினமும் ஓடாத, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பழைய காருக்கு இந்த ஊறலும் காய்ச்சலும் மாறி மாறி நடக்கிறது.

இரண்டாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இரும்பு டேங்கும் இரும்பு பைப்பும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பல வருடமாக டேங்கில் ஒட்டிக்கிடந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். அது நேராக வந்து பில்டரை அடைக்கும்.

மூன்றாவது, எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் இ20 ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டது. அதாவது அதே தூரத்துக்குப் பம்பு அதிகம் இழுக்க வேண்டும். அத்தோடு, இந்த அளவில் எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் சீக்கிரமாகவே ஆவியாகத் தொடங்கும். தொப்பூர் ஏற்றத்தில் இதற்கு என்ன பலன் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

யார் சொல்லியிருக்க வேண்டும்?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

2025 ஆகஸ்டில் மைலேஜ் பற்றிப் பெரிய சர்ச்சை கிளம்பியபோது மத்திய பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. அதில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், அது செலவு குறைந்த, சுலபமான வேலை என்று சொல்லப்பட்டது. நல்லது. அரசே ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் அதை எங்கே சொன்னார்கள்? செய்தி அறிக்கையில். பெட்ரோல் போடும் இடத்தில் எங்கள் பெரியப்பா கண்ணில் படுகிற மாதிரி, தமிழில், "உங்கள் வண்டி பழையதா? ரப்பர் ஹோஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு போர்டு நான் எங்கும் பார்க்கவில்லை. அவர் அமைச்சகத்தின் விளக்கத்தைத் தேடிப் படிக்கும் ஆள் இல்லை. பங்கில் "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்வதைப் பார்க்கும் ஆள்.

நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, இ20 வரும்போது பழைய வண்டிகளுக்குப் பாதுகாப்பு ரகமாக இ10-ஐ 2025 வரை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று பேசியது. 2025 தாண்டியதும் பழைய வண்டி எல்லாம் காணாமல் போய்விடுமா என்ன? எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்கில் எத்தனால் அளவை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடியானது. பாதுகாப்பு ரகம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். எழுதி வைப்பதற்குமா மனசு வரவில்லை?

இதே விஷயத்தில் அம்பாசிடரின் தாய்வீடு என்ன செய்தது என்று பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோல் இ10 ஆனது. கவனியுங்கள், வெறும் 10 சதவீதம். அதற்கே, பழைய வண்டிகளுக்காக இ5 பெட்ரோலை உயர் ரகப் பெட்ரோலாகத் தொடர்ந்து விற்றார்கள். உங்கள் வண்டிக்கு இ10 ஒத்துவருமா என்று பார்க்க அரசே ஓர் இணையப் பக்கம் வைத்தது. பங்கில் குழாய் மேலேயே இ5, இ10 என்று எழுதியிருக்கும். அங்கே ஒரு மோரிஸ் ஆக்ஸ்போர்டு வைத்திருப்பவருக்குத் தெரிவு இருக்கிறது. அதே என்ஜின் பரம்பரையில் வந்த வண்டியைப் பென்னாகரத்தில் வைத்திருப்பவருக்குத் தெரிவும் இல்லை, தகவலும் இல்லை.

பிரேசிலில் இதைவிட அதிகமாகக் கலக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். அங்கே 2025 ஆகஸ்டிலிருந்து 30 சதவீதம். ஆனால் அவர்கள் எத்தனால் திட்டத்தை ஆரம்பித்தது 1975-ல். வண்டிகளும் அதற்கேற்பவே செய்யப்பட்டு வந்தன. அரை நூற்றாண்டுப் பழக்கத்தை நாம் சில வருடத்தில் எட்டியிருக்கிறோம். எட்டியதைக் குறை சொல்லவில்லை. எட்டும்போது காலடியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கலாம் என்கிறேன்.

"அப்போ நீ விவசாயிக்கு எதிரியா?"

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு நண்பன் கேட்டான். அவன் அப்பா அரூர் பக்கத்தில் கரும்பு போடுகிறவர். நம் மாவட்டத்திலேயே பாலக்கோட்டில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று இரண்டு இருக்கின்றன. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுத்தால் விவசாயிக்கு இன்னொரு வாங்குபவர் கிடைக்கிறார். வெளிநாட்டுக்குப் போகும் டாலரும் மிச்சம். நண்பன் சொன்னதில் தவறே இல்லை.

நான் எத்தனாலே வேண்டாம் என்று சொல்லவில்லை. புது மருந்து கொடுக்கும் டாக்டர், "வெறும் வயிற்றில் சாப்பிடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்கிறார் இல்லையா? அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்கிறேன். பங்கில் ஒரு போர்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசுக்கு வண்டி வரும்போது ஹோஸைப் பார்க்கும் ஒரு நிமிடம். 20 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு இந்த ஒரு நிமிடம் அதிகமில்லை.

இன்னொரு நண்பன் சொன்னது: "இத்தனை தொல்லை எதுக்கு? காயலான் கடைக்குப் போட்டுட்டுப் புது வண்டி வாங்கலாமே." 50 வயது தாண்டி, பழைய உருவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிவுசெய்தால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. எங்கள் வண்டிக்கு அந்த வயது ஆகவில்லை. ஆனாலும் அதை அப்படிப் பதிவுசெய்ய பெரியப்பா சம்மதிப்பார் என்று தோன்றவில்லை. கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியத்தில் பழைய கார்களைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கிராமத்தில் பழைய கார் என்பது காட்சிப்பொருள் அல்ல. கடன் இல்லாத ஒரே வண்டி அது. அதை ஓட்டுகிறவர் பணக்காரச் சேகரிப்பாளர் இல்லை என்பதாலேயே அவருக்குச் சொல்ல வேண்டியது அதிகம்.

கரண்டு பம்பு போடலாமா?

பட்டறைகளில் இப்போது சுலபமாகக் கிடைக்கும் ஆலோசனை: "பழைய பம்பைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரிக் பம்பு மாட்டிடலாம்."

இதற்கு ஒரு நியாயம் உண்டு. எலக்ட்ரிக் பம்பை டேங்குக்குப் பக்கத்தில் வைத்தால் அது உறிஞ்சாமல் தள்ளும். தள்ளப்படும் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகாது. ஏர் லாக் தொல்லை குறையும். முறையாகச் செய்தால் நல்ல தீர்வுதான்.

"முறையாக" என்ற வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம். மெக்கானிக்கல் பம்பு கொடுப்பது சில பிஎஸ்ஐ அழுத்தம் மட்டுமே. இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பு 40-க்கும் மேல் கொடுக்கும். அதைக் கொண்டுவந்து மாட்டினால் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் பொங்கி வழியும். மெக்கானிக்கல் பம்பு, என்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்பு அப்படியல்ல. விபத்தில் பைப் பிய்ந்தாலும் சாவி ஆன் நிலையில் இருந்தால், தானாக நிறுத்தும் சுவிட்ச் இல்லாதவரை, அது பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். முக்கியமாக, வெடித்த பழைய ஹோஸை அப்படியே விட்டுவிட்டு எலக்ட்ரிக் பம்பு போட்டால், இதுவரை காற்றை உறிஞ்சிய அதே வெடிப்பு இனிமேல் பெட்ரோலைப் பீய்ச்சும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

ஆகவே என் கட்சி இது: பம்பு பழைய மாதிரியே இருக்கட்டும், ரப்பர் மட்டும் புது மாதிரி ஆகட்டும்.

ஒரிஜினல் பாகம்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர்களும் உண்டு. பழைய கடையில் தூசு படிந்த அட்டைப்பெட்டியோடு கிடைக்கும் பம்பு ரிப்பேர் கிட்டைப் பொக்கிஷம் மாதிரி வாங்கி வருவார்கள். பெட்டி திறக்காமலே இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். அந்த டயாபிரம் இ20-க்காகச் செய்யப்பட்டதும் அல்ல. டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம், அதனால் காரின் ஒரிஜினல் தன்மை போய்விட்டது என்று யாரும் அழுவதில்லை. ஹோஸும் அப்படித்தான்.

நாங்கள் என்ன செய்தோம்?

டேங்க் முதல் கார்புரேட்டர் வரை இருந்த எல்லா ரப்பர் துண்டுகளையும் கழற்றினோம். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருந்த துண்டைக் கழற்றியபோது அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அது வெளியே வேர்த்திருந்தது. இந்த என்ஜினில் கார்புரேட்டர் இருக்கும் பக்கமே எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் இருக்கிறது. கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்தில் பெட்ரோல் வேர்வை. அன்றைக்குக் கணவாயில் வண்டி நின்றது எங்கள் அதிர்ஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது. நிற்காமல் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

புது ஹோஸ் வாங்கும்போது "பெட்ரோல் ஹோஸ்" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனால் தாங்கும், உள்பக்கம் விட்டான் வகை ரப்பர் உள்ள ஹோஸ் வேண்டும் என்று கேளுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக் குறியீடு ஹோஸ் மேலேயே அச்சடித்திருக்கும். விலை சாதா ஹோஸைவிட நன்றாகவே அதிகம். ஆனால் நடுவில் நீளமாகப் போவது இரும்பு பைப் என்பதால் காருக்குத் தேவைப்படும் ரப்பர் கொஞ்சம்தான். இரும்பு பைப் உள்ளே துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். வளைக்கச் சுலபம் என்று செம்பு பைப் போடுகிறவர்கள் உண்டு. செம்பு அதிர்வில் இறுகி இறுகி ஒருநாள் வெடிக்கும் என்பதால் நாங்கள் இரும்பே போட்டோம்.

பம்பைப் பொருத்தும்போது பிளாக்குக்கும் பம்புக்கும் நடுவில் வரும் பேக்கிங்கைக் கவனிக்க வேண்டும். அது சூட்டைத் தடுக்கிறது. அதோடு, நெம்புகோல் எவ்வளவு தூரம் அசையும் என்பதும் அதன் தடிமனைப் பொறுத்தது. கனம் அதிகமானால் பம்பு குறைவாக இழுக்கும். குறைந்தால் நெம்புகோல் மேல் பாரம் ஏறும். கழற்றிய அளவிலேயே திரும்பப் போடுவது நல்லது.

முதல் சில நூறு கிலோமீட்டரில் பில்டர் இரண்டு முறை அடைத்தது. டேங்க் அழுக்கு. அதன் பிறகு தொல்லை இல்லை. இந்தக் கோடையில் தொப்பூரை மூன்று முறை ஏறிவிட்டது. டிக்கியில் ஈரத்துணிக்கான பழைய வேட்டித் துண்டு இன்னும் இருக்கிறது, பெரியப்பா எடுத்துப் போட விடவில்லை.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, தாத்தா வீட்டுத் திண்ணையோரத்திலோ ஒரு அம்பாசிடரோ பியட்டோ இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது என்ஜின் ஆறியிருக்கும் நேரமாகப் பார்த்து பானட்டைத் திறந்து அந்த ஹோஸை இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். டேங்க் பக்கம் இருக்கும் ஹோஸையும் மறக்காதீர்கள். வெடிப்பு தெரிந்தால் வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். சொல்ல வேண்டியவர்கள் சொல்லும் வரைக்கும் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பி.கு: 1. மாற்றும் வேலையை நீங்களே செய்யாதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பெட்ரோல் பைப்பைக் கழற்றுமுன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். பட்டறையில் யாராவது பீடி பற்றவைத்தால் மரியாதை பார்க்காமல் வெளியே அனுப்புங்கள்.

2. ஆயில் பார்க்கும் கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை தூக்கலாக வந்தால் பம்பின் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலந்திருக்கலாம். அப்போது மட்டும் திட்டு வாங்க வேண்டியது உண்மையிலேயே பம்புதான்.